மண்டூர்ப் போடியாரின் இரத்தத்தில் நான் கண்டுபிடித்தது

காங்கேயத்துப் பழைய இரும்புக் கடையில் மூன்று துண்டாகக் கிடந்த லேத்தை எடுத்து வந்து ஒன்றாக்கி ஓடவைத்தவன் நான். அந்த லேத்தில் கடைந்து நான் செய்த உமிநீக்கி இன்றைக்கும் இரண்டு மாவட்டத்து ஆலைகளில் ஓடுகிறது. அரிசியில் கல் பொறுக்கும் எந்திரம் செய்தேன். இவன் செய்ததா என்று சிரித்தவர்களே அடுத்த வருடம் என் பட்டறை வாசலில் வரிசையில் நின்றார்கள். மூன்று பேர் தோண்டிப் பார்த்துக் கைவிட்ட பாறையில் நாலாவதாக நான் துளை போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இரண்டு மகள்களை என்ஜினியர் ஆக்கினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் எருமை மேய்த்தேன். படம் வரையத் தெரியாது. தரையில் சாக்பீஸால் கோடு போடுவேன். அந்தக் கோடு காலில் பட்டு அழிவதற்குள் எந்திரம் எழுந்து நிற்கும். எழுபத்தொரு வயதில் முதல்முறையாகக் கடல் தாண்டினேன். இதெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

கடல் தாண்டியது மயில்வாகனம் போடியாருக்காக. மட்டக்களப்புப் பக்கம் வயல் நிறைய வைத்திருக்கும் பெரிய மனிதரைப் போடியார் என்பார்கள். மண்டூரில் இவருக்கு அரிசி ஆலையும் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த ஆலைக்கு எந்திரம் அனுப்பியதில் தொடங்கிய சிநேகம். எல்லாம் போனில்தான், நேரில் பார்த்ததில்லை. நாற்பது வருட உமித்தூசியும் முப்பது வருடப் பீடியும் சேர்ந்து அவர் நுரையீரலைக் கெடுத்துவிட்டன. டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்கிறார்கள். ஊரில் அதன் பெயர் முட்டு. சாதாரண நாளில் மெல்ல நடமாடலாம். திடீரென்று ஒரு நாள் முட்டு ஏறினால் ஆக்சிஜன் வைத்தால்தான் ஆள். போன வருடம் இரண்டு முறை ஏறியது. இரண்டாம் முறை பிழைத்ததே பெரிது. மூன்றாவதாக ஏறினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் அவர் மகளிடம் சொல்லிவிட்டாராம். வரப்போவதோ பெரும்போக அறுவடை, ஆலையில் ஆள் முகம் தெரியாமல் தூசி பறக்கும் காலம். அதற்குள் தூசியை உறிஞ்சிக் கீழே தள்ளும் என் எந்திரத்தை அங்கே மாட்டிவிட வேண்டும். நானே வருகிறேன் என்றேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் போன் வந்தது.

"முதலாளி, ஒரு சின்ன உதவி. போன தரம் ஆஸ்பத்திரியால வரக்குள்ள ஒரு குளிசை தந்தவங்க. ரெண்டு நாளில ஆளை எழுப்பி உட்டது. முடிஞ்சு போச்சு. பேர் எழுதி அனுப்புறன், ரெண்டு அட்டை கொண்டு வாங்க. புள்ளைக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

நண்பர் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்கும் பழக்கம் எனக்கில்லை. மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் குருமண்வெளியில் இறங்கினேன். எதிரே கடல்போல வாவி. அக்கரையில் மண்டூர். எந்திரம் எனக்கு முன்பே கொழும்பிலிருந்து லாரியில் வந்து கரையில் கிடந்தது. அதில் முக்கியமான பாகம் ஆள் உயரத்துக்கு மேலான ஒரு தகரப் புனல். "பாதை வரட்டும், ஏத்துவம்" என்றார் கரையில் நின்ற ஒருவர். பாதை எப்படி வரும் என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே, மோட்டார் பூட்டிய தட்டைப் படகு ஒன்று ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், ஒரு கன்றுக்குட்டியோடு வந்து முட்டி நின்றது. வாவியைக் கடக்கும் அந்தப் படகுதான் பாதை. அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரில் பாதையைத் தேடி நாம்தான் போக வேண்டும்.

புனலை நான் நிமிர்த்தி வைத்தேன். படுக்கவைத்தால் நசுங்கும் என்பது என் கணக்கு. நடு வாவியில் காற்று அதற்குள் புகுந்தது. முதலில் சங்கு ஊதியது போல ஒரு சத்தம். பிறகு பாதை மெல்ல முகத்தைத் திருப்பி, மண்டூரை விட்டுவிட்டுத் தெற்கே போகத் தொடங்கிற்று.

"ஆர்ரா இந்தப் பாய்மரத்தைக் கட்டின?" என்று கத்தினார் படகுக்காரர்.

"தூசி உறிஞ்சும் எந்திரமுங்க" என்றேன் மரியாதையாக.

"தூசிய உறிஞ்சட்டும் பெரியவர், எங்கள உறிஞ்சாமப் படுக்கப் போடுங்க! இல்லாட்டி இண்டைக்கு எல்லாரும் கல்முனையிலதான் சோறு!"

ஆறு பேர் சேர்ந்து புனலைப் படுக்கவைத்தார்கள். ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த முட்டைப் பையைக் கீழே போட்டார். நான் கற்றுக்கொண்டது: என் புனல் காற்றை அவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது. செய்தவன் கை அப்படி.

கரையில் போடியார் நின்றார். போனில் கேட்ட குரலுக்கு ஆறடி ஆளை நினைத்திருந்தேன். குட்டையான, நெஞ்சு மட்டும் பீப்பாய்போல் விரிந்த மனிதர். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று காற்றைத் தேடினார்.

"வாங்க முதலாளி... சாமானும் நீங்களும்... நசுங்காம வந்திட்டீங்களே" என்றவர், மகள் சுகந்தி பெட்டியை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து என் சட்டைப்பையைத் தடவினார். அட்டைகள் இடம் மாறின. சுகந்தி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அப்பாவின் கிளினிக் கொப்பி, வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்ப், குளிசை எல்லாம் அவர் கையில்தான். அங்கே நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. டாக்டர் எழுதுவதெல்லாம் அதில் இருக்கும். சுகந்தி அதைப் பரீட்சைத்தாள் போலக் காக்கிறார்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு எனக்கு மீன் குழம்பு வைத்தார்கள். காங்கேயத்தில் அந்த நேரத்துக்கு மீன் கேட்டால் பல்தேய்த்துவிட்டு வா என்பார்கள். பிட்டு, அதன்மேல் தேங்காய்ப்பால் சொதி, பக்கத்தில் வாவிக் கொடுவாய்த் துண்டு ஒன்று. முதலில் மரியாதைக்குச் சாப்பிட்டேன். மூன்றாம் முறை நானே தட்டை நீட்டினேன். எருமைத்தயிர் மண்சட்டியில் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழவில்லை. காங்கேயம் காளைகளுக்குப் பேர்போன ஊர் என்று அவர்களிடம் சொன்னேன். "காளையில தயிர் வராதே தம்பி" என்றார் போடியாரின் மனைவி கனகம்மா அக்கா. நான் இன்னொரு கரண்டி தயிர் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆலையில் அளவெடுத்துச் சாக்பீஸ் கோடு போட்டேன். போடியார் நாற்காலியில் இருந்தபடி பார்த்தார்.

மூன்றாம் நாள் நடந்ததை நான் கவனமாகச் சொல்ல வேண்டும். முன்னதாக விதைத்த சிலர் அறுத்து முடித்திருந்தார்கள். அதில் ஒருவர், ஒரு சிறு பையில் நெல் கொண்டுவந்து போடியாரிடம் நீட்டினார். சாம்பிள். நெல்லில் எத்தனை ஈரம் என்று ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பார்த்துத்தான் ஆலைக்காரர் வாங்குவார். ஈரம் அதிகமென்றால் வேண்டாம் என்பார். போடியார் பெட்டியில் போட்டார். எண் வந்தது. சிரித்தார்.

"எங்க இருந்து வாறாய்?"

"வட்டையில இருந்து நேர வாறன் போடியார்."

வட்டை என்றால் வயல்வெளி.

"வட்டையால வாறியோ, அடுப்படியால வாறியோ? நேற்றும் மழ. இவ்வளவு காஞ்ச நெல்லு இந்த ஊரில எங்கடா கிடக்கு? சாக்கக் கொண்டா, அடியில கை விட்டுப் பாப்பம்."

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். வீட்டில் சட்டியில் போட்டு ஒரு பிடி நெல்லை மட்டும் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இது எங்கள் ஊரிலும் உண்டு. போடியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "முதலாளி, கூடக் காஞ்சா கள்ளம். நாப்பது வருசமா நான் பிடிக்கிற கள்ளம் இது."

நான் அதைவிட வேறொன்றைக் கவனித்தேன். இதையெல்லாம் போடியார் ஒரே மூச்சில் பேசினார்.

நாலாம் நாள் என் எந்திரம் ஓடியது. புனலுக்குள் காற்று சுழன்று தூசியை உறிஞ்சி, கீழே சாக்கில் பொதபொதவென்று கொட்டிற்று. ஆலைக்குள் வெளிச்சம் தெரிந்தது. வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது போடியார் நாற்காலியை விட்டு எழுந்தார், ஏணியில் ஏறினார், மேலே நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"அப்பா! இறங்குங்க!" என்று சுகந்தி அலறினார்.

"நெஞ்சு திறந்து கிடக்கு புள்ள! பள்ளிக்கூடப் பெடியன் மாதிரிக் கிடக்கு!"

அன்று மத்தியானம் அவர் மூன்று தட்டுச் சோறும் ஒரு நண்டுக் குழம்பும் முடித்தார். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து தோணிக்காரரிடம் இறால் வாங்கப் போயிருந்தாராம். கனகம்மா அக்கா என்னிடம் வந்து, "தம்பி, இவர் எனக்கு இண்டைக்குக் காலையில பாட்டுப் படிச்சவர். கலியாணம் கட்டின வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான். உங்கட மெஷின் நல்ல மெஷின்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காங்கேயத்துக்குப் போன் போட்டேன். மூத்த மகளிடம், "உன் படிப்புப் படித்தவர்கள் ஆக்சிஜன் எந்திரம்தான் செய்வார்கள். என் ஐந்தாம் வகுப்புக்கு நான் நுரையீரலையே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்" என்றேன். பட்டறை ஆட்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். தூசி போனது காலையில். நெஞ்சு திறந்தது அதற்கு முந்திய நாளே என்பது எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவன் நாளை எண்ணுவதில்லை.

ஐந்தாம் நாள் கிளினிக். பாதையில் கடந்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பு நகரம் போனோம். பஸ்ஸில் போடியார் முன்சீட்டுக்காரருக்கு விதைநெல் பற்றியும் பின்சீட்டுக்காரருக்கு உலகம் பற்றியும் விளக்கினார். நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டர் ஒரு அம்மா. பெர்னதெத் என்று பெயர். குள்ளம், வேகமான பேச்சு. நான் இதுவரை பார்த்த எல்லா மேஸ்திரிகளையும்விடக் கறாரானவர்.

"ஐயா, இண்டைக்கு ரெத்தம் எடுக்கப் போறம். அதில இயோசினோபில் எண்டு ஒரு வகை வெள்ளை அணு எவ்வளவு எண்டு பாக்கணும்" என்றார்.

பெயர் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் நாலு தும்மல் தும்மினாலே ஈஸ்னோபீலியா என்பார்கள். அதைச் சொன்னேன்.

"அதே அணுதான். ஆனா இவருக்கு அது வேற கதை சொல்லும். போன வருசம் முட்டு ஏறினவருக்கு அந்த அணுவும் கூடவா இருந்தா, திரும்ப ஏறுற சாத்தியம் கூட. ஒரு நல்ல செய்தி, அப்படியான ஆக்களுக்குத்தான் ஸ்டீரொய்ட் சேர்ந்த பம்ப் நல்லா வேலை செய்யும். முட்டு ஏறுறதக் குறைக்கும். அணு ஆகலும் குறைவா இருந்தா அந்தப் பம்ப்பால பெரிய பலனில்ல, நெஞ்சில கிருமி பிடிக்கிற பயமும் இருக்கு. அதால நம்பர் பாக்காம நான் குடுக்கமாட்டன்."

"முந்தி எடுத்த நம்பர் கொப்பியில இருக்கே டொக்டர்" என்றார் சுகந்தி.

"அது ரெண்டும் ஆஸ்பத்திரி வாட்டில இருக்கக்குள்ள, ஸ்டீரொய்ட் ஊசி போட்ட பிறகு எடுத்தது. அத நம்பேலா. இண்டைக்கு நல்லா இருக்கிற நேரம் எடுக்கிறதுதான் மெய்யான நம்பர்."

ஆக, ஒரு எண். அந்த எண்ணை வைத்துத்தான் அந்த அம்மா பம்ப் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அறுவடைத் தூசிக்குள் போடியார் எந்தக் கவசத்தோடு இறங்குவார் என்பதை அந்த எண் சொல்லும். போடியார் கையை நீட்டினார். இரத்தம் எடுக்க வந்த தாதியிடம், "நல்ல ரெத்தம் மிஸ், பாத்து எடுங்க" என்றார். தாதி அவரைப் பார்த்து, "ஐயா எழுபத்தஞ்சு வயசா? அம்பது எண்டு நினைச்சன்" என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் எந்திரத்துக்குக் கிடைத்த மாலை என்றே நான் அதை எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் முடிவு வாங்கப் போனோம். டாக்டரம்மா தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போனில் சோதனைக்கூடத்தைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். அங்கிருந்து வந்த குரல் எங்களுக்கும் கேட்டது. சுகந்தி என் காதில் மொழிபெயர்த்தார்: "மெஷின் பழுதோ எண்டு நானும் நினைச்சன் டொக்டர், திரும்பவும் ஓட்டிப் பாத்தன், அதே நம்பர்தான் எண்டு சொல்றார்."

எண் பூஜ்யம்.

போடியார் முகம் மலர்ந்தது. "ஒண்டுமே இல்லையா? முழுச் சுத்தமா?"

"ஐயா, இப்படி ஒரு நம்பர் சும்மா வராது" என்றார் டாக்டரம்மா. "ஏதும் குளிசை போட்டீங்களா? ஸ்டீரொய்ட் குளிசை?"

"இல்ல டொக்டர். முருகன் அறிய இல்ல."

"நான்தான் டொக்டர் எல்லாம் எடுத்துக் குடுக்கிற. வேற ஒண்டும் வீட்டில இல்ல" என்றார் சுகந்தி. பாவம், அவர் சொன்னது உண்மை.

"அப்ப சரி. இந்த நம்பரை நம்பினா எனக்கு அந்தப் பம்ப் தரேலாது. பழைய பம்ப்போட போங்க." பேனாவை எடுத்தார். கொப்பியைத் திறந்தார்.

பூஜ்யம். நேற்றும் மழை, எப்படி இவ்வளவு காய்ந்தது? கூடக் காய்ந்தால் கள்ளம். ஏணி, மூன்று தட்டுச் சோறு, நாலு மணி இறால், பாட்டு. எந்திரம் ஓடுவதற்கு முன்பே ஒரே மூச்சில் வந்த பேச்சு. என் சட்டைப்பையிலிருந்து போன இரண்டு அட்டை.

உண்மையைச் சொன்னால் நண்பர் மானம் போகும். அதுகூடப் பரவாயில்லை. என் எந்திரம் நுரையீரலைத் திருப்பிக்கொடுத்த கதையும் அத்தோடு போகும். காங்கேயத்தில் பதினாறு பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால், டாக்டரம்மா அந்தக் கொப்பியில் எழுதிவிடுவார், போடியார் புதுப் பம்ப் இல்லாமல் அறுவடைக்குள் இறங்குவார், மாத்திரை தீர்ந்ததும் முட்டு ஏறும். பேனா தாளில் பட்டது.

"டாக்டரம்மா, எழுதாதீங்க. அது காயவச்ச சாம்பிளுங்க" என்றேன்.

அறையில் இருந்தவர்களில் அது போடியாருக்கு மட்டுமே புரிந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் மற்றவர்களுக்கு விளக்கினேன். மாத்திரை கொண்டுவந்தது நான் என்பதையும் சொன்னேன்.

"மாமா! நீங்களா?" சுகந்திக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. "நான் உங்கள நம்பி இவரை ஆலைக்குள்ள உட்டன்."

டாக்டரம்மா கையை நீட்டினார். போடியார் சாரத்து மடியிலிருந்து இரண்டு அட்டையையும் எடுத்து வைத்தார். பாதிக்கு மேல் காலி.

"இது என்ன குளிசை எண்டு தெரியுமா ஐயா? இதுதான் அந்த அணுவை அப்படியே கீழ அமத்திப் போடுறது. ஊசி போட்ட பிறகு எடுத்த ரெத்தத்த நம்பேலாது எண்டு உங்களுக்கு முன்னாலதானே சொன்னன்!"

"ரெத்தம் குடுக்கப் போகக்குள்ள நல்லா இருக்க வேணும்தானே டொக்டர்" என்றார் போடியார் சிறுகுரலில். "பொம்பிள பாக்கப் போறவன் முகம் வழிக்காமப் போவானா?"

"இது பொம்பிள பாக்கிற இடமில்ல ஐயா. தாடியோட வரணும்."

சொல்லிவிட்டு அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, கடையில் கேட்டு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோகும் மருந்தல்ல இது, சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், சும்மா நிறுத்தினாலும் வம்பு என்று இரண்டு நிமிடம் திட்டினார். என்னை அப்படித் திட்டியவர்கள் குறைவு. வாங்கிக்கொண்டேன். மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று கொப்பியில் எழுதினார். வயலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு வயிற்றில் பூச்சி இருந்தாலும் அந்த அணு ஏறுமாம். அதற்கும் மருந்து எழுதினார். மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம்.

"அப்ப என் எந்திரம்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தூசி குறைஞ்சது மெத்த நல்லம். ஆனா ஒரு நாளில நுரையீரல் திறக்காது பெரியவர்."

மெத்த நல்லம் என்று டாக்டரே சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

திரும்பும்போது பாதையில் போடியார் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நடு வாவியில் என் பக்கம் திரும்பினார். "காட்டிக் குடுத்திட்டீங்களே முதலாளி."

"ஏனுங்க போடியார், அன்னைக்கு அந்த நெல்லுக்காரரை நீங்க என்ன பண்ணீங்க?"

தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். தோள் குலுங்கிற்று. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து முதுகில் தட்டும்படி ஆயிற்று.

நான் ஊர் திரும்பவில்லை. பட்டறையை மகள்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மூன்று வாரமும் அங்கேயே இருந்தேன். வீட்டில் எல்லோரும் பூச்சி மருந்து குடித்தோம். மருந்தை வீணாக்கக் கூடாதென்று நானும் குடித்தேன். மாத்திரை குறையக் குறையப் போடியாரின் பாட்டும் குறைந்தது, சோறு ஒரு தட்டாயிற்று. அவரை ஆலைக்குள் விடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு இருத்தி, உள்ளே நான் ஓட்டினேன். அவர் வெளியிலிருந்தே என்னைக் குறை சொன்னார். இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் மூச்சு இழுத்தது. சுகந்தி பம்ப்பைப் பிடித்து அடித்துக்கொண்டேயிருந்தார். கனகம்மா அக்கா வாசலில் நின்று முருகனைக் கூப்பிட்டார். ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அரை மணியில் அடங்கிற்று. அந்த அரை மணியில் நான் பெருமையாக எதையும் நினைக்கவில்லை. அந்த அட்டைகளை மட்டுமே நினைத்தேன்.

மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இம்முறை போடியார் முகம் வழிக்கவே இல்லை. நிஜமாகவே நாலு நாள் தாடியோடு போனார். "பாருங்க டொக்டர், தாடியோட வந்திருக்கன்" என்றார்.

முடிவு வந்த நாள் டாக்டரம்மா தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். முந்நூற்று எண்பது.

"கூடவா குறையவா?" என்று நான் கத்திவிட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கூட! நல்லாக் கூட!" என்றார் டாக்டரம்மா.

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். போடியார் எழுந்து நின்று டாக்டரம்மாவைக் கும்பிட்டார். எண் குறைந்தால் மகிழ வேண்டும் என்று எல்லா டாக்டர் தாளும் எங்களைப் பழக்கியிருக்கிறது. ஆனால் இவ்வளவு மோசமான இரத்தத்துக்கு இவ்வளவு கூத்தாடிய குடும்பத்தை அந்தக் கிளினிக் பார்த்திருக்காது. வெளியே பெஞ்சில் இருந்த ஒரு கிழவர், "என்ன, ஆம்பிளப் புள்ளையா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா எங்களை அடக்கினார். எண் ஒன்றே முழுக்கதை சொல்லாது, போன வருடம் இரண்டு முறை ஏறியதுதான் பெரிய சாட்சி, இந்த எண் அதோடு சேர்ந்து நிற்கிறது என்றார். புதுப் பம்ப்பைக் கொடுத்தார். அடித்த பிறகு ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும் என்றார். பீடிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. ஆலைக்குள் முகத்துணி இல்லாமல் நுழையக் கூடாது. "ரெண்டும் செய்தா, அறுவடையை ஆஸ்பத்திரிக்கு வெளியில நிண்டு பாக்கலாம்."

அன்று மத்தியானம் சட்டித்தயிரில் பாணி ஊற்றிச் சாப்பிட்டோம். பாணி என்றால் கித்துள் மரத்திலிருந்து எடுக்கும் பாகு. அதைத் தெரியாமல் எழுபத்தொரு வருடம் எப்படி வாழ்ந்தேன் என்று எனக்கே புரியவில்லை. போடியார் ஒரு கிண்ணம்தான் சாப்பிட்டார். இது அவருடைய சொந்தப் பசி. எனக்கு அது போதும்.

ஊர் வந்து இரண்டு மாதமாகிறது. அறுவடை முடிந்தது. போடியார் வீட்டிலேயே இருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போன வாரம் சுகந்தி போனில் ஒரு செய்தி சொன்னார். டாக்டரம்மா இந்தக் கதையை டாக்டர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் படம் போட்டுச் சொல்லப்போகிறாராம். இரத்தத்து எண்ணை நம்புவதற்கு முன் நோயாளியின் மடியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு உதாரணமாம். அதில் எழுதியிருப்பதைச் சுகந்தி வாசித்துக் காட்டினார்: "மாத்திரை உட்கொண்ட விவரம் பின்னர் தெரியவந்தது."

தெரியவந்ததா? எப்படித் தெரியவந்தது? தானாக நடந்து வந்ததா? சோதனைக்கூடம் இரண்டு முறை ஓட்டியும் தெரியவில்லை. கொப்பியைக் காத்த மகளுக்குத் தெரியவில்லை. முருகன்மேல் சத்தியம் செய்தவர் சொல்லவில்லை. பேனா தாளில் பட்ட பிறகு தடுத்தவன் ஒருவன் இருக்கிறான். மாத்திரையைக் கொண்டுபோனவனும் அவனே என்பதை நான் மறைக்கவில்லை. அதையும் போடுங்கள், ஒரே வரியில் இரண்டையும் போடுங்கள். ஆனால் 'தெரியவந்தது' என்பதை எடுத்துவிட்டு, 'காங்கேயத்து எந்திரக்காரர் வேலுச்சாமி சொன்னார்' என்று போட வேண்டும். டாக்டரம்மாவுக்கு இதைச் சுகந்தி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். படத்தில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரிகிற அளவுக்கு.